பசறையிலிருந்து போன சின்னம்மா

கேள்வி: 1970களில் பசறைத் தோட்டத்திலிருந்து சின்னம்மா குடும்பம் இந்தியா போனது. எங்கே தேடலாம்?
– வாசகி, பதுளை

பதில்: நீலகிரியில் தொடங்குங்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. தோட்ட மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதுளையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போனார்கள். இவர்களுக்காகவே கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தமிழக அரசு டான்டீ தேயிலைத் தோட்டங்களைப் போட்டது. வியாபாரக் கடன் வாங்கிச் சமவெளியில் இறங்கியவர்கள் பலர், கொழுந்து பறித்த கைக்குக் கடை பிடிபடாமல், முதலை இழந்து மலைக்கே ஏறினார்கள். ஆகவே பழைய கடிதத்தில் திருச்சி முகவரி இருந்தாலும் கோத்தகிரியை விட்டுவிடாதீர்கள். விசாரிக்கும்போது ஆள் பெயரோடு தோட்டத்தையும் டிவிசனையும் சொல்லுங்கள். அங்குள்ள பெரியவர்கள் அதை வைத்துத்தான் ஆளைப் பிடிப்பார்கள்.