“பின்னர் பயிற்சியாளராகவும் பணியாற்றினார்”

அன்புள்ள பிள்ளைக்கு,

பனி ஹொக்கி வலைகாப்பாளர் ஆர்தூர்ஸ் இர்பே பற்றி நீர் எழுதி அனுப்பிய கட்டுரையை நேற்றிரவு இரண்டு தரம் வாசித்தேன். கடைசிப் பந்தியில் ஒரு வரி: “பின்னர் பயிற்சியாளராகவும் பணியாற்றினார்.” அந்த வரிதான் என்னை நித்திரைகொள்ள விடவில்லை.

அதற்கு வரமுன்னம் இன்னொன்று. முதல் வரியிலேயே அவரை “முன்னாள் ரஷ்யக் கோலி” என்று எழுதிவிட்டீர். பிள்ளை, அவர் றீகாவில் பிறந்த லத்வியர். 1989, 1990 இரண்டு வருடமும் உலகச் சாம்பியன்ஷிப் போட்டியை வென்ற சோவியத் அணியில் இருந்தவர், 1990இல் அந்தப் போட்டியின் சிறந்த கோலி. 1991 ஜனவரியில் றீகாத் தெருக்களில் சோவியத் படையை மறிக்கச் சனம் தடுப்பரண் போட்டு நின்றபோது தானும் போய் நின்றார். அதன்பிறகு சோவியத் சட்டையைப் போடமாட்டேன் என்று மறுத்தார். இதை நீரே நாலாம் பந்தியில் எழுதியிருக்கிறீர். பிறகு எப்படி முதல் வரியை அப்படியே விட மனம் வந்தது? கனடாவுக்கு வந்த புதிதில் வேலைத்தலத்தில் இலங்கைக்காரனான என்னை இந்தியன் என்பார்கள். ஒவ்வொரு தரமும் நின்று திருத்தினேன். அந்த வலி தெரிந்த வீட்டில் பிறந்த பிள்ளை நீர்.

பெயரும் நீர் எழுதினபடி ஆர்தர் இர்ப் இல்லை. லத்விய மொழியில் ஆண்பெயர் பெரும்பாலும் ‘ஸ்’ என்றுதான் முடியும். ‘இர்பே’ என்றால் அவர்கள் பாஷையில் கௌதாரி. 5 அடி 8 அங்குல மனிதர் வலைக்கு முன்னால் குந்தி, தலையை முன்னுக்கு நீட்டி நிற்பதைப் பார்த்தவருக்கு அந்தப் பெயர் மறக்காது.

ஸ்காபரோவில் ஒரு பனித்தளத்தில் பதினொரு வருடம் இரவு வேலை செய்தேன். பனியை வழித்து நீர் ஊற்றி மட்டமாக்கும் வண்டி ஓட்டுவேன். ஹொக்கியை நான் படித்தது அங்கேதான். 1994இல் சான் ஹோசே அணி எட்டாம் இடத்திலிருந்து வந்து டெற்றொயிற்றை வீழ்த்தியது. முந்தின பருவம் 84 ஆட்டத்தில் 11 மட்டும் வென்ற அணி அது! அந்தப் பருவத்தில் இர்பே 74 ஆட்டம் நின்றார். அடுத்த சுற்றில் எங்கள் ரொறன்ரோவிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றார். நாங்கள் ஆர்ப்பரித்தோம். எட்டு வருடம் கழித்து, 2002 மே 28, அதே மனிதர் கரோலைனாவின் வலையில். முழு நேரம் முடிய 22 செக்கன் இருக்கையில் எங்கள் சண்டின் சமப்படுத்தினார். இடைவேளை அறைச் சின்னத் தொலைக்காட்சிக்கு முன்னால் ஆறு பேர் கதிரைமேல் ஏறி நின்றோம். மேலதிக நேரத்தில் கரோலைனாவின் ஜெலினா அடித்தார், எங்கள் பருவம் முடிந்தது. கமெரா இர்பேயைக் காட்டியது. தானே தைத்துத் தைத்துப் போட்ட, ஊத்தை பிடித்த பழைய வெள்ளைக் கால்காப்பு. கோடிக்கணக்கில் புரளும் லீக்கில் இப்படி ஒரு கால்காப்பா என்று அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, மரியாதையும் வந்தது.

அந்தக் கால்காப்புப் பந்தியை நீர் எழுதியிருக்கிற விதம், சத்தியமாகச் சொல்கிறேன், இந்த முப்பது வருடத்தில் தமிழில் ஹொக்கி பற்றி நான் வாசித்ததில் ஆகச் சிறந்தது. ஊசியின் திசைகூட எனக்குத் தெரிந்தது. இதை எழுதின கையா அந்தக் கடைசி வரியையும் எழுதினது?

பனித்தளத்தில் விடிய ஆறு மணிக்குக் கோலிப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியாளர் வருவார். நாற்பது பக்கை, அந்த றப்பர் வட்டுகளை, ஒரே இடத்துக்கு அடிப்பார். பிறகு சறுக்கிப் போய், முழங்காலில் இருந்து, தன் தடியால் பிள்ளையின் இடது முழங்காலை ஒரு விரல் அகலம் உள்ளுக்குத் தட்டுவார். வாய் திறக்கமாட்டார். திரும்ப நாற்பது. கோலி திரும்பிப் பாராமல் தடியால் பின்னுக்கிருக்கும் கம்பத்தைத் தட்டித் தான் எங்கே நிற்கிறேன் என்று அறிவதை அவர் பழக்கிய ஒரு சின்னப் பெடியனிடம்தான் முதன்முதல் கண்டேன். யார் கைதட்டினார்கள் அவருக்கு?

இர்பே செய்தது இந்த வேலை. 2009இலிருந்து இரண்டு பருவம் வாஷிங்டனில் வர்லாமொவ், நொய்விர்த், ஹோல்ட்பி என்று மூன்று இளம் கோலிகள் அவர் கையில். மூன்று உடம்பு, மூன்று சுபாவம். ஹோல்ட்பி 2016இல் சிறந்த கோலிக்கான வெசினா விருது எடுத்தார், 2018இல் ஸ்ரான்லி கிண்ணம் தூக்கினார். அதை இர்பேயின் கணக்கில் எழுதும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் வேகத்தாலும் பாய்ச்சலாலும் தன் கட்டைத்தனத்தை ஈடுகட்டிப் பிழைத்த மனிதர், தன்னைவிட நெடிய பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுத்திருப்பார்? தன் உடம்புக்குத் தெரிந்ததை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவனின் உடம்பைப் பார்க்கவேண்டும். நீர் தேடிப் போயிருக்கவேண்டிய கதை அது.

2014 சோச்சி ஒலிம்பிக் காலிறுதியை எடும். ரெட் நோலன் பயிற்றுவித்த லத்விய அணியில் கோலிகளைப் பார்த்துக்கொண்டவர் இர்பே. இருபது லட்சம் சனம் உள்ள நாடு கனடாவுக்கு எதிரில். 21 வயது குட்லெவ்ஸ்கிஸ் 57 அடியில் 55ஐ மறித்தார். மூன்றாம் பகுதியில் கனடாவின் வெபர் அடித்து 2-1. நான் கனடாக்காரன், ஆனாலும் அந்தக் கோலுக்கு என்னால் எழும்பமுடியவில்லை. நீர் அந்தப் பெடியனுக்கு மூன்று பந்தி கொடுத்தீர். அவனைப் பழக்கினவரின் பெயர் அதில் எங்கே?

நாய் இர்பேயின் கையைக் கடித்த கதையை வெட்டும். இடம் கிடைக்கும்.

பனித்தளத்தில் அந்த வகுப்பு இன்னும் நடக்கிறது, இப்போது வேறொருவர் வருகிறார். வருகிற சனிக்கிழமை ஆறு மணிக்கு முந்தி வாரும், பின்கதவு திறந்திருக்கும். தடித்த சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாரும், உள்ளே கடுங்குளிர். கோப்பி நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உமது மாமா