சுவரில் நடக்கும் வெள்ளரி விதை

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் என் கைபேசிக்குப் பூச்சிப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். சித்தி, பழைய வகுப்புத் தோழன், மாடி வீட்டுக்காரர் என்று யாராவது அனுப்புவார்கள். பாதிப் படங்களில் பூச்சி ஏற்கெனவே செருப்படி வாங்கிச் சப்பையாகியிருக்கும். கூடவே ஒரே கேள்வி: "இது விஷமா?" வீட்டுக்கு வந்த புது ஆளிடம் எந்த ஊர், என்ன சோலியாக வந்தீர்கள் என்றுதானே முதலில் கேட்போம்? பூச்சியிடம் மட்டும் எடுத்த எடுப்பில் விஷத்தைப் பற்றி விசாரிக்கிறோம்.

அப்படி விசாரிப்பதால் தப்பித்துப்போகிற ஆள் ஒன்று உண்டு. காலையில் எழுந்தால் கழுத்தில் கோடு இழுத்தாற்போல் சிவந்திருக்கும். எரியும். அப்புறம் கொப்புளிக்கும். "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது" என்பார் பாட்டி. பல்லியின் மேல் பழி போடும் வீடுகளும் உண்டு. அக்கி என்றே முடிவுகட்டி, செங்காவி குழைத்து எழுதிக்கொள்ளப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் கோட்டுக் கொப்புளத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு வண்டு. நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள். எறும்பைப் போல ஒல்லி. உடம்பில் கருப்பும் செம்மஞ்சளும் பட்டை பட்டையாக இருக்கும். முதுகை மூடவேண்டிய இறக்கை உறை பாதியிலேயே நின்றுவிடுவதால் பார்த்தால் வண்டென்றே தோன்றாது. சீண்டினால் வால்பக்கத்தைத் தேள் மாதிரி தூக்கிக் காட்டும். பேடரஸ் என்பது அறிவியல் வைத்த பெயர். தூக்கிக் காட்டுவதோடு சரி. அதற்குக் கொட்டத் தெரியாது, நம்மைக் கடிப்பதும் இல்லை. அதன் உடல்நீரில் பெடெரின் என்ற நச்சு இருக்கிறது. அதையும் வண்டு தானாகத் தயாரிப்பதில்லை. அதனுள் குடியிருக்கும் பாக்டீரியா தயாரித்துக் கொடுக்கிறது. தூக்கக் கலக்கத்தில் கழுத்தில் ஊர்வதைத் தேய்த்து நசுக்கும்போது நீர் தோலில் படுகிறது. எரிச்சல் உடனே வந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். அது வருவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகிவிடுகிறது. அதற்குள் வண்டு குப்பையோடு போயிருக்கும்; சுவரில் மிச்சமிருப்பது பல்லிதான்.

அக்கி என்பது வேறு. சின்னம்மை தந்த வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து பல ஆண்டு கழித்துத் தலைகாட்டுவது அது. உடம்பின் ஒரு பக்கமாக, நரம்பு போகும் வழியே வரும். வண்டுக் கொப்புளமோ நம் கை இழுத்த வழியே போகும். முழங்கை மடிப்பில் பட்டால் மடித்த இரண்டு பக்கமும் அச்சு விழுந்ததுபோல் இருக்கும். வண்டுக் கொப்புளம் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஆறிவிடும், பேர் காவிக்குப் போய்விடும். இந்த வண்டு மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைக் கசக்காதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் மருத்துவரிடம் போகவேண்டியதுதான். வயலில் புகையானைப் பிடித்துத் தின்னும் உழவர் நண்பன் இது. வீட்டுக்குள் வந்தது ட்யூப்லைட்டைப் பார்த்து. பொழுது சாய்ந்ததும் சன்னலைச் சாத்தினாலே பாதி வரத்து நின்றுவிடும்.

குளவி விஷயம் வேறு மாதிரி. புழுவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் தன்னைப் போலக் குளவியாக்கிவிடும் என்று பள்ளிக்கூடத்திலும் பிரசங்கத்திலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சொன்னவர்கள் பார்க்காமல் சொல்லவில்லை. பச்சைப் புழு மண்கூட்டுக்குள் போகிறது, வாசல் அடைபடுகிறது, சில வாரம் கழித்துக் குளவி வெளியே வருகிறது. அவர்களுக்குத் தெரியாதது கூட்டுக்குள் நடந்ததுதான். குளவி கொட்டியதும் புழு சாவதில்லை, அசைய முடியாமல் கிடக்கிறது. செத்தால் அழுகிவிடுமே! கூட்டில் இட்ட முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சுக்கு அது கெடாத சாப்பாடு. பிரான்சில் லியோன் துஃபூர் என்ற பூச்சியியலாளர்கூட, இரையைக் கெடாமல் வைப்பது ஏதோ மருந்து நீர் என்றுதான் நினைத்தார். ழான் ஆன்றி ஃபாபர்தான் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், அந்த இரை சாகவில்லை, செயலிழந்துதான் கிடக்கிறது என்று சோதித்துக் காட்டினார். ஆக, நாம் குருவென்று கொண்டாடிய குளவி, சீடனைத் தன் பிள்ளைக்குச் சோறாகப் போட்டிருக்கிறது. வேறொரு வகைக் குளவி புழுவைத் தொடாது, சிலந்திகளையே அடைத்து வைக்கும்.

குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பதும் உண்மைதான், பிறப்பது குளவிப் பிள்ளை. தனியாகத் திரியும் இந்த மண்கூட்டுக் குளவிகள் கூட்டைக் காக்க நம்மைத் துரத்தி வருவதில்லை. கதண்டு அப்படியில்லை. பந்துபோல் பெரிய கூடும் கூட்டமான நடமாட்டமும் தெரிந்தால் புகை போடும் வீரமெல்லாம் வேண்டாம், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

ஈசலுக்கு ஒரு நாள்தான் ஆயுள் என்பதும் அரைகுறை. பெரும்பாலானவை பல்லிக்கும் காக்கைக்கும் இரையாவது மெய்தான். இறக்கை உதிர்த்து, சோடி சேர்ந்து, மண்ணுக்குள் போய்விட்டவை ராசா ராணியாகப் பல ஆண்டு வாழும். விளக்குக்கு வந்த ஈசலைக் கண்டு வீட்டில் கரையான் பிடித்துவிட்டதென்று பதறாதீர்கள். கதவு நிலையிலிருந்தோ சுவர் விரிசலிலிருந்தோ கிளம்பி வந்தால்தான் கவலை. இறக்கை முளைத்த எறும்பு இடுப்புச் சிறுத்திருக்கும். ஈசலுக்கு இடுப்பே கிடையாது, நான்கு இறக்கையும் ஒரே அளவு.

சென்ற வாரம் வந்த படம் எங்கள் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. கூடத்துச் சுவரில் சாம்பல் நிறத்தில், வெள்ளரி விதை போல ஒன்று. பல்லி முட்டை ஓடு என்றார் அம்மா. சுண்ணாம்புப் பொருக்கு என்றேன் நான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நகர்ந்தது. ஒரு முனையிலிருந்து சிறு தலை நீண்டு சுவரைப் பற்றி இழுத்தது. விரலை அருகே கொண்டுபோனதும் உள்ளே போய்விட்டு, சற்று நேரத்தில் மறுமுனை வழியாக எட்டிப் பார்த்தது. சிறு அந்துப்பூச்சி ஒன்றின் புழு அது. பட்டு நூலில் தூசியையும் மணலையும் ஒட்டித் தைத்த பையை இரண்டு பக்கமும் திறந்து வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே திரும்பிக்கொள்ளும். நம்மை ஒன்றும் செய்யாது. அதற்குப் பிடித்த தீனி பழைய சிலந்திவலை என்பதை அம்மாவிடம் சொன்னது மட்டும் என் தவறு. எண்ணிப் பார்த்து, கூடத்தில் மொத்தம் ஆறு என்று சொல்லிவிட்டு, ஒட்டடைக் கம்பை என் கையில் கொடுத்தார்.