தகுதி வழக்கும் அலுவலக வழக்கும்

இறந்தவரைத் ‘துஞ்சினார்’ என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி. இவற்றோடு இடக்கரடக்கலையும் சேர்த்துத் தகுதி வழக்கு மூன்று என்பார் நன்னூலார். இக்கால நிறுவன மேலாளர்களும் இவ்வழியே பேசுகின்றனர். நேரமில்லை என்பதைப் ‘பேண்ட்விட்த் இல்லை’ என்பது அவர்தம் குழூஉக்குறி. ஆட்குறைப்பை ‘ரைட்சைசிங்’, அதாவது அளவைச் சரிசெய்தல், என்பது அவர்தம் மங்கலம். சரியான அளவு எதுவென்று வேலையிழந்தவரை எவரும் கேட்பதில்லை! கேட்கும் நமக்கு நகைப்பு எழுகிறது. அவருக்கோ அடுத்த மாத வாடகை நினைவுக்கு வருகிறது. ‘துஞ்சினார்’ என்னும் சொல் கேட்பவரின் துயரை ஆற்றுகிறது; ‘ரைட்சைசிங்’ சொல்பவரின் செயலை மறைக்கிறது. இரண்டும் மென்சொற்களே, நோக்கம் வேறு. எனவே, மென்சொல் ஒன்றைக் கேட்கும்போது அது யாரைக் காக்கிறது என எண்ணிப் பார்க்க வேண்டும்.