'ஹலோ' ஒன்று போதுமா?

மைசூர் சரஸ்வதிபுரத்தில் காலை நடைக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கதை ஏதாவதொரு வடிவத்தில் என் காதில் விழுகிறது. யாரோ ஒருவர் போனில் ஏமாந்து பணத்தை விட்டிருப்பார். எப்படி நம்பினீர்கள் என்று கேட்டால் பதில் மாறுவதே இல்லை: "மச்சான் குரல் எனக்குத் தெரியாதா சார்? 'ஹலோ'ன்னாலே போதும். குரல் கைரேகை மாதிரியாச்சே!"

போதாது. கைரேகை மாதிரியும் இல்லை. பேச்சுக்கும் செவித்திறனுக்கும் என்றே 1965-லிருந்து ஒரு தேசிய நிறுவனம் இயங்கும் மைசூரில் இருந்துகொண்டு இதை எத்தனை தடவை சொல்வது?

பீட்டர் லடஃபோகட் என்று ஓர் ஒலியியல் அறிஞர் இருந்தார். நமக்குப் பக்கத்து நீலகிரியின் தோடர் மொழி ஒலிகளை ஆராய்ந்தவர். 'மை ஃபேர் லேடி' படத்துக்கு ஆலோசனை சொன்னவர். குரல்களைக் கேட்பதே அவருக்குத் தொழில். பழகியவர்கள், பழகாதவர்கள் குரல்களைக் கலந்து வைத்து அவர் தம் காதையே சோதித்த முடிவு 1980-ல் வெளியானது. 'ஹலோ' மட்டும் கேட்டபோது 31 சதவீதம்தான் சரி. ஒரு வாக்கியம் கேட்டபோது 66. அரை நிமிடப் பேச்சுக்கு 83. அந்தக் குரல்களில் ஒன்று அவரைப் பெற்ற தாயுடையது. 'ஹலோ'வில் தெரியவில்லை, முழு வாக்கியத்திலும் தெரியவில்லை. அவருக்கே அந்தக் கதி என்றால் உங்கள் மச்சானை விடுங்கள்.

விரலின் ரேகை இருந்த இடத்தில் இருக்கும். குரல் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யப்படுவது. குரல்நாண்களின் நீளமும் தொண்டை, வாய்க் குழாயின் வடிவமும் உடம்பு தருவது. வேகம், இழுவை, உச்சரிப்பு எல்லாம் பழக்கம். சளி பிடித்தால், தூக்கத்தில் எழுந்தால், கோபம் வந்தால் இவற்றில் பலவும் மாறும். மீதியை இட்டு நிரப்புவது உங்கள் எதிர்பார்ப்பு. மோசடிக்காரன் பெயரைச் சொல்வதில்லை, கவனியுங்கள். "நான்தான் மாமா, தெரியலையா?" என்பான். "யாரு, ரவியா?" என்று பெயரை எடுத்துக் கொடுப்பது நீங்கள். அந்த நொடியிலிருந்து அது ரவியின் குரல்தான். குரலை நகலெடுக்கும் மென்பொருள் வேறு இப்போது வந்துவிட்டது. ஆனால் இந்த வித்தைக்கு அதுகூடத் தேவையில்லை.

'கைரேகை' என்ற பேச்சுக்கு ஒரு தகப்பன் உண்டு. பெல் ஆய்வகத்து லாரன்ஸ் கெர்ஸ்டா 1962-ல் குரலின் வரைபடத்தைப் பார்த்தே 99 சதவீதத்துக்கு மேல் ஆளைச் சொல்லலாம் என்றார். 1979-ல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு அலசிப் பார்த்து, வழக்குகளில் இதை மிகுந்த எச்சரிக்கையோடு அணுகச் சொன்னது. பெயர் மட்டும் நம் வாயில் ஒட்டிக்கொண்டது.

"ஒருமுறை கேட்ட குரலை மறக்கவே மாட்டேன்" என்பவர்களுக்கு: 1937-லேயே பிரான்சிஸ் மெக்கீ சோதித்தார். முன்பின் அறியாத குரலை மறுநாள் 83 சதவீதம் பேர் சரியாகக் காட்டினார்கள். ஐந்து மாதம் கழித்து 13. தெரியாத மொழியில் பேசினால் ஆளை அடையாளம் காண்பது இன்னும் கடினம். கன்னடம், தமிழ், உருது மூன்றும் கலந்து ஒலிக்கும் தேவராஜ மார்க்கெட்டில் இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

கட்டைக் குரல் என்றால் உயரமான ஆள்? வளர்ந்த ஆண்களிடையே அந்தக் கணக்கு சரியாக வருவதில்லை. சினிமா வில்லன் போனில் கட்டும் கைக்குட்டை? ஒலியைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான். கிசுகிசுப்பு அதைவிட நன்றாக மறைக்கும், குரல்நாண் அதிராது என்பதால். பிறந்த குழந்தைக்கு அம்மா குரல் தெரியுமா? தெரியும், இது ஒன்று நிஜம்.

ஆகவே தெரிந்த குரல் போனில் பணம் கேட்டால், போனை வைத்துவிட்டு, உங்களிடம் உள்ள பழைய எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆசிரியர் குழு வெட்டினாலும் சரி. அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் கத்திக் கத்திக் குரல்நாணில் முடிச்சு விழுந்து சிகிச்சைக்காக என்னிடம் வந்த ஆசிரியைகள் பலர். ஒலிபெருக்கி வாங்கக் காசில்லை என்கிற பள்ளிகள் ஆண்டு விழாவுக்குப் பந்தல் முழுக்க ஸ்பீக்கர் கட்டுகின்றன. போன வாரம் வந்தவர் பன்னிரண்டு வருடம் பாடம் நடத்தியவர். ஊருக்குப் போன் செய்தாராம். எடுத்த அம்மா, "யாருங்க பேசறது?" என்று கேட்டிருக்கிறார்.