முதலில் அளவு நாடா, அப்புறம் ஸ்பீக்கர்

தங்கச்சி, மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கிவிட்டாய் என்று கேட்டதும் அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். பெட்டியைப் பிரிக்கும் முன் தையல் மிஷின் டிராயரில் கிடக்கும் அளவு நாடாவை எடுத்து வை. இன்றைக்கு உனக்கு வேண்டிய முதல் கருவி அதுதான்.

என் முதல் அறை பத்துக்குப் பத்து. நாற்காலியை நட்டநடுவில் போட்டு மிக்ஸ் பண்ணினேன். பேஸ் கிடாரை எவ்வளவு ஏற்றினாலும் போதாததுபோலவே இருந்தது, ஏற்றிக்கொண்டே போனேன். மறுநாள் அதே பாட்டை மாமாவின் காரில் போட்டால் கதவெல்லாம் அதிர்கிறது, பாடியவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. ஸ்பீக்கர் மேல் தப்பே இல்லை. பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் அலை தங்கி நிற்கும். சுவரோரத்தில் வீங்கும், சரிபாதியில் ஏறக்குறைய காணாமலே போகும். பேஸ் கிடாரில் ஏ தந்தியைச் சும்மா தட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். நான் உட்கார்ந்த இடத்தில் அந்த நோட்டே இல்லை. இல்லாததைத் தேடித்தான் அவ்வளவு ஏற்றினேன்.

அதனால் நாற்காலிக்கு முதலில் இடம் பார். முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத்தில் காது இருக்கட்டும் என்பது ஸ்டுடியோக்காரர்கள் தொடங்கும் கணக்கு. பத்தடி அறைக்கு ஏறக்குறைய 3 அடி 9½ அங்குலம் வரும். அது தொடக்கம் மட்டுமே. நோட்டுகள் ஏறி இறங்கும் ஒரு பேஸ் லைனை ஓடவிட்டு, நாற்காலியை அரையடி முன்னே பின்னே நகர்த்திக் கேள். எல்லா நோட்டும் கிட்டத்தட்ட ஒரே கனத்தில் வரும் இடம்தான் உன் இடம். இடது சுவரும் வலது சுவரும் உன்னிடமிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறந்த ஹால் என்றால் நடுவில் நிற்க வேண்டிய குரல் சாய்ந்துவிடும்.

இரண்டு ஸ்பீக்கரும் உன் தலையும் சமபக்க முக்கோணம். ஸ்பீக்கர்களுக்கு நடுவே மூன்றடி என்றால், ஒவ்வொன்றிலிருந்தும் உன் தலைக்கும் மூன்றடி. ட்வீட்டர் காது உயரத்தில், முகம் உன்னைப் பார்த்துத் திரும்பியிருக்கட்டும். அளக்கும்போது ட்வீட்டரில் விரல் படக்கூடாது, அந்த மெல்லிய குமிழ் ஒரு தடவை அமுங்கினால் போச்சு. மேஜைமேல் அப்படியே வைத்தால் மேஜையும் சேர்ந்து பாடும்; அடியில் கனமான ஃபோம் பேட் போடு. சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் கூடும், அதைக் குறைக்கத்தான் பின்னால் ஸ்விட்ச் இருக்கிறது. யமஹா எச்.எஸ்.5 என்றால் ‘ரூம் கண்ட்ரோல்’ 0, மைனஸ் 2, மைனஸ் 4 என்று மூன்று நிலைகளில் இருக்கும். மூன்றையும் போட்டுக் கேட்டுத் தேர்ந்தெடு.

அடுத்தது சுவர். நீ நாற்காலியில் உட்கார், யாரையாவது முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்தச் சொல். எந்த இடத்தில் ஸ்பீக்கர் உன் கண்ணுக்குத் தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் எதிரொலி உன் காதுக்கு வருகிறது. அங்கே தடிமனான ராக்வூல் பேனல் மாட்டு. காசு சேரும்வரை இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்தாலும் வித்தியாசம் தெரியும். முட்டை அட்டையில் காசைக் கொட்டாதே, அது பேஸைத் தொடவே தொடாது. இரும்பு பீரோ இருந்தால் 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஒரு ஸ்வீப் ஓட்டிப் பார். அதன் கைப்பிடி எந்த இடத்தில் கிணுகிணுக்கிறது என்று தெரியும். துணியைச் செருகி அடக்கு, முடிந்தால் வேறு அறைக்கு அனுப்பு.

இனி சத்த அளவு. இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சத்தம் குறைந்தால் நம் காதுக்கு பேஸ் குறைவாகத் தெரியும், கூடினால் தடித்துத் தெரியும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே இதை அளந்து வரைந்து காட்டிவிட்டார்கள். தினம் ஒரு சத்தத்தில் மிக்ஸ் பண்ணினால் தினம் ஒரு பேஸ்தான் வரும். ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் மைனஸ் 20 டெசிபலில் பிங்க் நாய்ஸ் ஓடவிடு. இன்டர்ஃபேஸ் குமிழைப் பாதிக்குச் சற்று மேலே நிறுத்து. சத்தம் அளக்கும் மீட்டரை ‘சி’, ‘ஸ்லோ’ என்று வைத்து உன் காது இருக்கும் இடத்தில் பிடி. ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஓடட்டும். அதன் பின்பக்கக் குமிழைத் திருப்பி 75-க்குக் கொண்டு வா. பிறகு மற்றதையும் அதே 75-க்கு. சினிமா மிக்ஸிங் தியேட்டரில் 85 வைப்பார்கள், அது பெரிய ஹாலுக்கான கணக்கு, படுக்கையறையில் காது வலிக்கும். மொபைல் ஆப் ஒன்றிரண்டு டெசிபல் தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, இரண்டு ஸ்பீக்கரும் சமமாக இருப்பதுதான் முக்கியம். முடிந்ததும் இன்டர்ஃபேஸ் குமிழ் நிற்கும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிடு. என் இன்டர்ஃபேஸில் சிவப்புப் பொட்டு.

கடைசியாக, குரல் மட்டும் உள்ள ஒரு டிராக்கை மோனோவில் போடு. குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, காற்றில் ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். பரவி, பேஸ் இல்லாமல் சப்பென்று கேட்டால் ஒரு பக்கக் கேபிளில் இணைப்பு தலைகீழாக இருக்கிறது.

ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசம். அளவு மைக் ஒன்று வாங்கினால் அறையின் மேடுபள்ளம் கோடாகத் தெரியும். மேட்டை ஈக்யூவால் குறைக்கலாம். பள்ளத்தை நிரப்ப முயலாதே, ஏற்றின சத்தமும் அதே இடத்தில் அழிந்துபோகும், ஸ்பீக்கருக்குத்தான் சிரமம். பள்ளத்துக்கு மருந்து நாற்காலியை நகர்த்துவதும் மூலைகளில் தடித்த பஞ்சு வைப்பதும்தான்.

ஆன் பண்ணும்போது ஸ்பீக்கர் கடைசி, ஆஃப் பண்ணும்போது ஸ்பீக்கர் முதல்.

எல்லாம் வைத்து முடித்ததும் உடனே மிக்ஸில் இறங்காதே. பொட்டு வைத்த இடத்திலேயே குமிழை வைத்து, உனக்கு மனப்பாடமான பாட்டுகளை ஒரு வாரம் தினமும் ஒரு மணி நேரம் கேள். அடுத்த வாரம் உன் முதல் மிக்ஸை எனக்கு அனுப்பு.