தீராத நோயிலும் தீராத தொண்டு

“இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை” என்ற சொல் நோயாளியை மட்டுமன்றி அவரது குடும்பத்தையும் நிலைகுலையச் செய்கிறது. நோயைத் தீர்க்க இயலாதபோதும் துன்பத்தைத் தணிக்க இயலும். இதுவே நோய்த்தணிப்புச் சிகிச்சை.

வலி உடலை மட்டும் சார்ந்ததன்று. மனம், உறவு, ஆன்மிகம் ஆகியவற்றையும் அது தொடுகிறது என்று உணர்த்தியவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். 1967-இல் லண்டனில் அவர் இதற்கென ஓர் இல்லம் தொடங்கினார். கோழிக்கோட்டில் 1993-இல் தோன்றிய அமைப்பின் வழியே, கேரளத்தில் தொண்டர்கள் நோயாளியின் வீட்டுக்கே செல்லும் முறை வளர்ந்தது.

மருத்துவர் மேற்பார்வையில் உரிய அளவில் தரப்படும் மார்ஃபின் கடும் வலியைத் தணிக்கும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. உலர்ந்த வாயை ஈரப்படுத்துதல், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தல், அவர் மரணத்தைப் பற்றிப் பேச விரும்பினால் தடுக்காமல் கேட்டல் ஆகியவை குடும்பத்தார் செய்யத்தக்கவை. இரவெல்லாம் விழித்திருப்பவருக்கு ஓய்வளிக்க அண்டை வீட்டார் முன்வரலாம்.

படுக்கையில் இருப்பவரை இறைவடிவாகக் கண்டு செய்யும் இப்பணி, பூஜைக்குச் சற்றும் குறைந்ததன்று.