எந்த வளைவு, கதிரு?

அன்புள்ள கதிருக்கு,

நீ அனுப்பிய மூளைப் படம் வந்தபோது பாஸ்டனில் ராத்திரி இரண்டு மணி இருக்கும். இங்கே நான் பகல் சமையலுக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பச்சையும் சிவப்புமாய் ஒரு அரைக்கோளம், கீழே ஒரு வரி: “அத்தை, நோயாளிகளுக்கு வளைவு ஜாஸ்தி!” சந்தோஷம்டா. ஆனால் எந்த வளைவு? அதைச் சொல்லாமலே தூங்கப் போய்விட்டாய். தூங்கினாயா என்பதே சந்தேகம்தான்.

மேற்பரப்பில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதிகம் வளையும் திசை ஒன்று, குறைவாக வளையும் திசை ஒன்று. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி வளைவு, பெருக்கினால் காஸ் வளைவு. இது உனக்குத் தெரியும். தெரிந்ததைத்தான் அவசரத்தில் மறப்போம். ஒரு தோசையைச் சுருட்டிப் பார். சராசரி வளைவு ஏறிவிடும், காஸ் வளைவு பூஜ்யத்திலேயே நிற்கும், ஏனென்றால் நீளவாக்கில் அது வளையவே இல்லை. மூளையின் நீண்ட மேடுகள் பலவும் ஏறக்குறைய இப்படித்தான். அதனால்தான் மேடு எது, பள்ளம் எது என்று பிரிக்கச் சராசரி வளைவை நம்புகிறோம்.

காஸ் வளைவில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. ஓட்டை இல்லாத மூடிய மேற்பரப்பு முழுவதும் அதைக் கூட்டினால் விடை எப்போதும் 4π, அதாவது 12.56 சொச்சம். ஆயிரம் மடிப்புள்ள மூளையானாலும் சரி, லிஸென்செஃபாலியில் மடிப்பே விழாமல் வழவழவென்று இருக்கும் மூளையானாலும் சரி, அதே 4π. ஆக, அரைக்கோளம் முழுமைக்கும் காஸ் வளைவின் சராசரி எடுத்து இரண்டு குழுக்களை ஒப்பிட்டால், நீ ஒப்பிடுவது பரப்பளவைத்தான், மடிப்பை அல்ல. அதற்காக அந்தக் கூட்டலைத் தூக்கி எறிந்துவிடாதே. விடை பூஜ்யத்தை ஒட்டி வந்தால், இரண்டு மேடுகளுக்கு நடுவே எங்கோ ஒரு பொய்ப் பாலம் ஒட்டியிருக்கிறது என்று பொருள். ஸ்கேனைப் பிரித்த மென்பொருள் செய்த கோளாறு அது.

உன் ஃப்ரீசர்ஃபர் மென்பொருள் வளர்ந்ததே நீ தினமும் பஸ் பிடித்துப் போகிற சார்ல்ஸ்டவுன் மார்ட்டினோஸ் மையத்தில்தான். டேல், ஃபிஷல், செரீனோ மூவரும் 1999-இல் எழுதிய கட்டுரைகளைப் பொறுமையாக வாசி. ஃப்ரீசர்ஃபர் வழக்கப்படி பள்ளம் நேர்குறி, சிவப்பு. மேடு எதிர்குறி, பச்சை. வேறு மென்பொருளில் தலைகீழாக இருக்கலாம். புள்ளிவிவர அட்டவணையில் வரும் சராசரி வளைவோ குறியையே துறந்தது: எல்லாவற்றையும் நேர்குறியாக்கிச் சேர்த்த எண். அதில் மேடும் பள்ளமும் ஒன்றாகக் கரைந்துபோயிருக்கும். எனவே நோட்டைத் திறந்ததும் முதல் வரியில் இதை எழுது: எந்த வளைவு, எந்தப் பரப்பில், எந்தக் குறி, எத்தனை முறை மென்மையாக்கினேன், என்ன அலகு. சின்ன வயதில் நீ அலகு இல்லாமல் விடை எழுதினால் தாத்தா, “எட்டு என்ன? மாம்பழமா, மைலா?” என்று கேட்டு அரை மதிப்பெண் வெட்டுவாரே! நீ அழுதுகொண்டு என்னிடம் வருவாய். நானும் அவர் பக்கம்தான் பேசுவேன்.

இன்னொன்று, எண்ணைப் பார்ப்பதற்கு முன் பரப்பைப் பார். ஒவ்வொருவருடையதையும் சுழற்றிப் பார். அலுப்பாகத்தான் இருக்கும். நான் ஸ்கேன் அறையில் இருந்த நாட்களில் எங்கள் மூத்த டாக்டர் ஃபிலிமை விளக்கில் மாட்டியதும் நடுப் பள்ளத்தில் விரலை ஓட்டுவார். தலைகீழ் ஒமேகா போல இருக்கும், கையை ஆளும் அந்தக் குமிழ் எங்கே என்று கண்டுபிடித்த பிறகுதான் வாயைத் திறப்பார். உனக்கும் அந்தப் பழக்கம் வரட்டும். வளைவு என்பது இரண்டாம் வகைக்கெழு சமாச்சாரம். பரப்பில் துளி சொரசொரப்பு இருந்தாலும் அது பூதாகரமாகும். 1 மில்லிமீட்டர் வோக்ஸலில், அதாவது அந்த அளவுக் கனசதுரப் புள்ளிகளில், எடுத்த படத்தில் ஆள் தலையைக் கொஞ்சம் அசைத்தாலே போதும். நோயாளிகள் நோயில்லாதவர்களைவிட அதிகம் அசைவார்கள் என்பதை நீ யோசித்தாயா? உன் “ஜாஸ்தி”யில் நோய் எவ்வளவு, அசைவு எவ்வளவு?

தலை அளவையும் கேட்டுக்கொள். மூளை அதே வடிவில் பெரிதானால் வளைவு குறையும். மில்லிமீட்டருக்கு இத்தனை என்றுதானே அளக்கிறோம். மேட்டின் உச்சியில் புறணி தடிமன், பள்ளத்தின் அடியில் மெலிவு. ஆகவே வளைவும் தடிமனும் சேர்ந்தே நகரும், ஒன்றின் மாற்றத்தை மற்றதன் தலையில் கட்டிவிடாதே. உன் பேராசிரியர் அவசரப்படுத்துவார். அவருக்கு மாநாடு, உனக்குப் பெயர்.

பச்சை சிவப்புப் படத்தை இனி அனுப்பாதே. அசைவு அதிகமுள்ளவர்களை ஒதுக்கிவிட்டு வளைவையும் தடிமனையும் பக்கம் பக்கமாகப் போட்டு ஒரு வரைபடம் அனுப்பு, அச்சுகளில் அலகோடு. சனிக்கிழமை உங்கள் ஊர்க் காலை பத்து மணிக்குக் கூப்பிடு. அதற்கு முன் எழுந்தால் அண்ணனிடம் சொல்லிவிடுவேன்.

பிரியமுடன்,
அத்தை